இரண்டாவது ஆள் வந்தால்தான் கணக்கு

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். மார்ச் மாதக் கணக்கு முடித்து, ஆடிட்டர்களையும் வழியனுப்பிவிட்டு இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது.

போன அக்டோபரில், "நானும் ஓட்டுகிறேன் பேர்வழி" என்று ஒரு மலை சைக்கிள் பந்தயத்தில் பெயர் கொடுத்தேன். வயது 46. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் உத்தியோகம். அதற்கேற்ற தொப்பை. திருநெல்வேலியில் இருக்கும் மச்சினன் போனில் கேட்டான்: "உங்களுக்கு எதுக்கு அத்தான் இந்த வேண்டாத வேலை?"

ஜெயித்த கதை சொல்ல வரவில்லை. 27 ஜோடிகளில் எங்களுக்கு 24-வது இடம். அதற்கு முழுக் காரணமும் நான்தான். எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சைக்கிள் ஓட்டாதவர்களும் படிக்கலாம், பாதிக்கு மேல் சைக்கிள் கிடையாது.

முதலில் பந்தயம் என்ன மாதிரி என்று சொல்லிவிடுகிறேன். நீண்ட தூர மலை சைக்கிள் பந்தயத்தில் குழுவாக ஓட்டுவது இரண்டு வகை.

ஒன்று, முறை வைத்து ஓட்டுவது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மலைகளில் 1992-இல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் கனான்' இந்த வகை. ஒரு குழுவில் நாலைந்து பேர். ஒருவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார், அடுத்தவர் கிளம்புவார். இரவு பகலாக 24 மணி நேரம் இப்படியே. ஒருவர் காட்டில் ஓட்டும்போது மற்றவர்கள் கூடாரத்தில் தூங்கலாம், டீ குடிக்கலாம்.

இரண்டாவது வகை ஜோடிப் பந்தயம். இருவரும் ஒன்றாகவே கிளம்பி, ஒன்றாகவே ஓட்டி, ஒன்றாகவே வந்து சேர வேண்டும். ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடக்கும் 'டிரான்ஸ்ஆல்ப்' 1998-இல் இப்படித்தான் ஆரம்பித்தது. இந்த வகையில் இன்று உலகப் புகழ் பெற்றது தென்னாப்பிரிக்காவின் 'கேப் எபிக்'. 2004-இல் தொடங்கியது. எட்டு நாள். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆனால் சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ 600 முதல் 700 கிலோமீட்டர் இருக்கும். மொத்த ஏற்றம் சுமார் 15,000 மீட்டர். நம் கணக்கில் சொன்னால், தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கடற்கரையிலிருந்து அதை ஐந்தரை தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். நம் பக்கத்தில் சிம்லாவை மையமாக வைத்து 2005-இல் தொடங்கிய 'எம்டிபி ஹிமாலயா'விலும் தனி ஆட்களோடு ஜோடிகளுக்கும் பிரிவு வைத்திருந்தார்கள்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் முதல் வகை 'எய்தர் ஆர் சர்வைவர்' கணக்கு. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டாவது வகை 'ஜாயிண்ட்லி'. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு பைசா எடுக்க முடியாது. கவுண்டருக்கு எதிரில் நின்று, "அவர் ஊரில் இல்லை சார், நான் மட்டும் போட்டால் ஆகாதா?" என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆகாது.

கேப் எபிக்கில் ஒரு விதி உண்டு. ஜோடியில் இருப்பவர்களுக்கு நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மீறினால் நேர அபராதம். ஜோடியின் நேரமும் இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் குறிக்கப்படும். முதல் ஆள் பத்து நிமிடம் முன்னால் வந்து, கூலிங்கிளாஸ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாலும் கணக்கில் சேராது. ஒருவர் முடியாமல் விலகிவிட்டால் மற்றவர் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் ஜோடிகளின் தரவரிசையில் இடம் கிடையாது.

இதற்கு முதல் காரணம் பாதுகாப்பு. ஆள் இல்லாத மலையில், போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால் பார்க்க இன்னொருவர் வேண்டும். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு தூரம்? ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் போனால் சுமார் 270 மீட்டர். திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஆள் தெரியும். இறக்கத்தில் மணிக்கு 40-இல் போனால் 1,300 மீட்டருக்கு மேல். நாலு வளைவு தாண்டிவிடும், திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதாவது, கஷ்டப்படும்போது பிரிவதில்லை. சுகமாகப் போகும்போதுதான் பிரிகிறோம். இந்தக் கணக்கு பந்தயத்துக்கு முன்னால் எனக்குத் தோன்றியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

நான் ஓட்டியது சிம்லா பக்கத்து மலைகளில் நடந்த சின்னப் பந்தயம். இரண்டு நாள், கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். இங்கேயும் அதே இரண்டு நிமிட விதி. மீறினால் முதல் தடவை 30 நிமிடம் அபராதம், அடுத்த தடவை பந்தயத்தை விட்டே வெளியே.

என் ஜோடி, எங்கள் கிளையின் ஹெட் கேஷியர். ஹிமாசலக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிக்கூடத்துக்கே மலை ஏறி இறங்கிப் போனவர். நான் சண்டிகரில் சுக்னா ஏரியைச் சுற்றி ஓட்டிப் பழகிய சமவெளி ஆசாமி. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பர்வானூவிலிருந்து கசௌலி வரை ஏறிப் பயிற்சி எடுத்தோம். மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்காக அவர் காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும், "ஸாரி" என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான்.

முதல் நாள். நால்டேராவில் தேவதாரு மரங்களுக்கு நடுவே கிளம்பி, பசந்த்பூர் பக்கமாகச் சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, திரும்ப மேலே ஏற வேண்டும். இறங்கும்போது குளிர், கீழே போனதும் வெக்கை. திரும்பி ஏறும் பாதை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். பாதி ஏற்றத்தில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு காலை மடக்க முடியவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போங்க. உங்க நேரமும் என்னால வீணாகுது" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சர்ஜி, ஆபீஸ்லதான் நீங்க சீனியர். இங்க ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்" என்றார். சைக்கிளில் கட்டியிருந்த அட்டையைத் தட்டிக் காட்டினார். 31. அவருக்கும் 31.

அடுத்து அவர் செய்தவற்றைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். என் முதுகுப் பையைக் கழற்றித் தன் பைக்கு மேல் மாட்டிக்கொண்டார். வேகவைத்த உருளைக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்னக் கொடுத்தார். பத்து நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்கவைத்தார். மறுபடி ஏறியதும் அவர் முன்னால் போகவில்லை. என்னை முன்னால் விட்டு, பின்னால் வந்தார். வேகமானவர் முன்னால் போனால், பின்னால் வருபவர் விட்டுவிடக்கூடாதே என்று சக்திக்கு மீறி மிதித்துச் சீக்கிரமே தீர்ந்துபோவார். மெதுவானவர் முன்னால் போனால் அவர் வேகம்தான் இருவருக்கும் வேகம், கடைசி வரை ஒரே சீராகப் போகலாம். சமவெளியில் எதிர்க்காற்று அடித்தால் மட்டும் இது மாறும். அங்கே பலமானவர் முன்னால் போய்க் காற்றைத் தடுக்க வேண்டும், மற்றவர் அவர் நிழலில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

அன்றைக்கு 19-வது இடம். ராத்திரி ராஜ்மா சாவல் சாப்பிட்டுவிட்டு, "நீங்க இல்லேன்னா நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்" என்று நாலு தடவை நன்றி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தூங்கப் போனார்.

இரண்டாம் நாள். மஷோப்ரா பக்கத்துக் காட்டு வழி. ஜீப் தடமும் ஒற்றையடிப் பாதையுமாக மாறி மாறி வரும், பெரிய ஏற்றம் இல்லை. எனக்கு அன்று கால் நன்றாக இருந்தது. ஹெட் கேஷியர் காலையில் டீ மட்டும் குடித்தார், ரொட்டியைத் தொடவில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். முதல் ஏற்றத்திலேயே என் பின்னால் வந்தார். 'இன்றைக்கும் என்னை முன்னால் விடுகிறார் போல' என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஓர் இறக்கம் வந்தது. ஊசியிலை உதிர்ந்து மெத்தை மாதிரி கிடந்த பாதை. பிரேக்கை விட்டேன். ஒரு ஜோடியைத் தாண்டினேன். இன்னொரு ஜோடியைத் தாண்டினேன். வாழ்க்கையில் எந்த விளையாட்டிலும் யாரையும் தாண்டியிராத ஆள் நான். அந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கத்திக்கொண்டே போனேன்.

செக் பாயிண்டில் ஒரு காலேஜ் பெண் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்தாள். நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, "உங்க பார்ட்னர் எங்கே?" என்றாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு நிமிடம் ஆனது. நான் தாண்டி வந்த இரண்டு ஜோடிகளும் வந்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்விட்டன. ஐந்து, எட்டு, பதினொன்று. பதினோராவது நிமிடம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது, சட்டை முன்பக்கம் ஈரம். ராத்திரியிலிருந்தே வயிறு சரியில்லையாம். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறார்.

என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை: "என்ன ஆச்சு, இவ்வளவு நேரம்?"

மாதக் கடைசியில் டார்கெட் முடிக்காத ஊழியரிடம் கேட்கிற அதே குரல். எனக்கே கேட்டது.

அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, "நேத்து நான் உங்களை இப்படிக் கேட்டேனா சர்ஜி?" என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

30 நிமிடம் அபராதம். மீதித் தூரத்தை அவர் பையை நான் சுமந்து, அவரை முன்னால் விட்டு முடித்தோம். 24-வது இடம்.

பி.காம். படித்தவன் ஆயிற்றே, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வேகமாக இறங்கியதில் மிச்சமானது அதிகபட்சம் ஐந்தாறு நிமிடம். அதுவும் அவருக்காக நின்றபோதே போய்விட்டது. அபராதம் அரை மணி. கூடவே வந்திருந்தால் அவர் நின்ற இடத்திலேயே பையை வாங்கியிருக்கலாம், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்திருக்கலாம். ஏழெட்டு ஜோடிகளுக்கு நடுவே வித்தியாசம் அரை மணிக்குள்தான் இருந்தது. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி வைத்த கடனுக்கு எல்லாப் பங்காளிகளும் பொறுப்பு என்கிறது 1932-ஆம் வருட கூட்டாண்மைச் சட்டத்தின் 25-வது பிரிவு. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். புரிந்தது மஷோப்ராவில்.

என் கருத்து இதுதான். மெதுவாக வருபவருக்குக் காத்திருப்பதை நாம் தர்மம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய மனசு இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்கிற மாதிரி. ஜோடிப் பந்தயம் அதை தர்மக் கணக்கிலிருந்து எடுத்து வரவு செலவுக் கணக்கில் எழுதுகிறது. இரண்டாவது ஆளின் நேரம்தான் உன் நேரம். அவர் பையை நீ சுமப்பது அவருக்குச் செய்யும் உபகாரம் இல்லை, உன் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ள நீ செய்யும் வேலை. இப்படிப் பார்த்தால் சுமப்பவருக்குக் கர்வம் வராது, கொடுப்பவருக்கு வெட்கம் வராது. முதல் நாள் நான் நாலு தடவை நன்றி சொன்னபோது அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்பவர்கள் உண்டு. "வேகமானவனைக் கட்டிப்போடுகிற விதி இது, திறமைக்கு அநியாயம்" என்று எங்கள் சைக்கிள் கோஷ்டியிலேயே ஒருவர் வாதாடுவார். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முழு வேகம் காட்ட ஆசைப்படுபவருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே போகட்டும், தப்பே இல்லை. ஆனால் ஜோடி என்று பெயர் கொடுத்துவிட்டுத் தனியாக ஓட்டக்கூடாது. அப்புறம், விதி ஒட்டிக்கொண்டே போகச் சொல்லவில்லை. முன்னால் போகலாம், வழி பார்க்கலாம், காற்றைத் தடுக்கலாம். காணாமல் போகக்கூடாது, அவ்வளவுதான்.

திறமை வீணாகும் என்பதும் சரியில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் கிறிஸ்டோஃப் சௌசர் கேப் எபிக்கை ஐந்து முறை ஜெயித்தவர். 2006-இல் சில்வியோ புண்டியோடு, 2011, 2012-இல் தென்னாப்பிரிக்காவின் பர்ரி ஸ்டாண்டரோடு, 2013, 2015-இல் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு. இதில் ஸ்டாண்டர், 2013 ஜனவரி 3-ஆம் தேதி சொந்த ஊர்ப் பக்கம் பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது மினி பஸ் மோதி இறந்துபோனார். வயது 25. இரண்டு முறை சேர்ந்து ஜெயித்த கூட்டாளி போன இரண்டு மாதத்தில் சௌசர் மறுபடி அதே பந்தயத்துக்கு வந்தார், குல்ஹாவியோடு சேர்ந்து ஜெயித்தார். அவரைவிடத் திறமைசாலி யார்? ஆனால் பட்டியலில் ஐந்து இடத்திலும் அவர் பெயர் இன்னொரு பெயரோடு சேர்ந்துதான் இருக்கிறது.

நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். வெளி மாநிலத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும். நாம் ஊரை விட்டு வந்ததே முன்னால் போகத்தான். பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறோம். ராங்க், கோச்சிங், ஒலிம்பியாட். விளையாட்டு என்றாலும் செஸ், பாட்மின்டன், நீச்சல் என்று பெரும்பாலும் தனியாக ஜெயிப்பவை. பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் நமக்கு ஓர் இடம் முன்னேற்றம். பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் நமக்கும் நேரம் போகும் என்கிற ஒரு விளையாட்டையாவது அவர்கள் ஆடட்டும். இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு பேர், இரண்டு சாதாரண கியர் சைக்கிள், இரண்டு ஹெல்மெட், பொதுவாக ஒரு பம்ப், ஒரு பஞ்சர் பெட்டி. ஞாயிறு காலை முப்பது கிலோமீட்டர். ஒரே ஒரு விதி: இரண்டாவது ஆள் வந்து சேரும் நேரம்தான் இருவருக்கும் நேரம்.

இதை இத்தோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் நடந்ததையும் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

பந்தயம் முடிந்து வந்து, இந்தக் கதையை எல்லாம் மனைவியிடம் சொன்னேன். அடுப்பில் தோசை போட்டுக்கொண்டே கேட்டார். ஸ்டாப்வாட்ச், பதினோரு நிமிடம், அபராதம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஏங்க, நான் எத்தனை நிமிஷம் பின்னாடி வந்துட்டு இருக்கேன்?" என்றார்.

கிண்டலாகத்தான் கேட்டார் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

ஊரில் பள்ளிக்கூட வேலையில் இருந்தவர். என் முதல் மாற்றலில் லீவு போட்டார். இரண்டாவது மாற்றலில் வேலையை விட்டார். அதற்கப்புறம் இரண்டு ஊர். ஒவ்வோர் ஊரிலும் பால்காரரிலிருந்து டாக்டர் வரை புதிதாகத் தேடி, இந்தி கற்று, பெண்ணைப் பள்ளியில் சேர்த்தது அவர். நான் ஒவ்வோர் ஊரிலும் ஒரு படி ஏறினேன். இறக்கத்தில் பிரேக்கை விட்ட மாதிரிதான் அது எனக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. போன வருடம்தான் இங்கே ஒரு பள்ளியில் அவருக்குத் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது, நிரந்தரம் ஆக இன்னும் ஒரு வருடம்.

எங்கள் வேலையில் பதவி உயர்வு என்றால் கூடவே மாற்றல் வரும். இந்த வருடம் தேர்வுக்கு நான் எழுதிப் போடவில்லை. கிளையில் சிலருக்கு ஆச்சரியம். "என்ன சார், வாய்ப்பை விட்டுட்டீங்க?" என்று கேட்கிறார்கள். தியாகம் எல்லாம் இல்லை. செக் பாயிண்டில் நின்று கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் என்று சொல்ல முடியாது, பல வருடம் ஆகிவிட்டது. அந்த அபராதம் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஹெட் கேஷியரும் நானும் வரும் அக்டோபருக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறோம். போன வாரம் பர்வானூ ஏற்றத்தில் வழக்கம் போல நான் பின்னால். மேலே போய்ச் சேர்ந்தேன். டீக்கடை பெஞ்சில் எனக்கும் ஒரு டீ சொல்லிவைத்து உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தடவை "ஸாரி" சொல்லவில்லை. "சர்க்கரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டேன்.